முப்பத்தொன்றாவது வரி

தபால் வந்தது செவ்வாய்க்கிழமை. மழை.
அச்சடித்த பட்டியலில் முப்பத்தொன்றாவது வரி நாங்கள்:
நெ. மு. மீராசா அன் கோ,
பினாங்கு - தலவாக்கலை.
நடுவில் கிடந்த அந்தச் சிறுகோடுதான் குற்றம்.

பினாங்கில் கொடி மாறி அப்போது நாலு மாதம்.
முதலாளியின் அண்ணன் அங்கே
கடையைத் திறந்தாரா, பூட்டினாரா,
உயிரோடுதான் இருக்கிறாரா,
ஒன்றும் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குப் பட்டியலில் பெயர்
தொடர்பு.

பத்து மணிக்கு பேங்கில் கணக்கு முடங்கியது.
பதினொன்றுக்கு கூட்ஸ் ஷெட்டிலிருந்து ஆள்:
"ஒங்க பேருக்குப் பதினாலு சிப்பம் கருவாடு.
எறக்கியாச்சி. குடுக்க ஏலாது."
சட்டம் காத்திருக்கும், நனைந்த கருவாடு காத்திருக்குமா?
மூன்றாம் நாள் ஸ்டேஷன் மாஸ்டரே
மூக்கைப் பொத்திக்கொண்டு கொழும்புக்குத் தந்தி கொடுத்தார்.

கடிதத்தாள் அறுநூறு மிச்சம்.
"கணக்கப்புள்ள, பினாங்க அடிச்சிருங்க" என்றார் முதலாளி
என் முகத்தைப் பார்க்காமல்.
ரூல்தடி வைத்துக் கறுப்பு மையால் அடித்தேன்
ஒரே ஊரை, அறுநூறு தடவை.
ஜப்பான்காரனுக்கு அதைப் பிடிக்க எத்தனை நாளோ,
எனக்கு அழிக்க இரண்டரை நாள்.
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால்
மைக்கு அடியில் இன்னும் பினாங்கு.

அதே வாரம் தோட்டத்து ஏஜென்சிக் கம்பெனியின் கடிதம்.
தலைப்பில் லண்டன், கொழும்பு, கோலாலம்பூர்.
யாரும் எதையும் அடிக்கவில்லை.
அங்கே அவர்களுக்கு ஒரு மலை நிறைய ரப்பர்,
இப்போது அதற்குக் காவல் ஜப்பான் சிப்பாய்.
பட்டியலில் விரலை வைத்து
இரண்டு முறை தேடினேன்.
விரலில்தான் மை.

எதிரிச் சொத்துக் காப்பாளரின் குமாஸ்தா வந்தார்,
குடையும் அரக்குமாக.
அலமாரிக்கு முத்திரை, பெட்டிக்கு முத்திரை,
தராசுக்குக்கூட.
கடைசியில் பற்றேட்டைக் கேட்டார்.
இருநூற்றெட்டுப் பெயர், எல்லாம் லயத்துப் பெயர்.
சீத்தைத்துணி, மண்ணெண்ணெய், கம்பளி.
அன்று மாலை முதல் அந்தக் கடனெல்லாம்
எதிரிக்குச் சேரவேண்டிய பணம்,
ஆகவே அரசாங்கத்துக்குச் சேரவேண்டிய பணம்.

கல்லுமலைத் தோட்டத்துச் சடைச்சி
சம்பளத்தன்று நனைந்து வந்தாள்.
கம்பளிக்கு மூணே கால் ரூபா பாக்கி,
முந்தானை முடிச்சில் ரெண்டே முக்கால்.
முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
"வாங்கினா ஜெயிலு தாயி. நுவரெலியாக் கச்சேரியில கட்டு."
"அங்க போய்வந்தா ஒரு பேரு போயிருமே!
நான் ஒங்ககிட்டதான வாங்கினேன்?"
அதற்குச் சட்டத்தில் பதில் இருந்தது.
தமிழில் இல்லை.

"அப்ப இது எதிரியோட கம்பளியா?
இதப் போத்திக்கிட்டுத்தான் கொழுந்தெடுக்கிறேன்.
அந்தத் தேயில சண்டைக்குப் போவுதுன்னு
தொரை சொல்றாரு."

சொல்லிவிட்டு, முத்திரை வைத்த தராசின் தட்டில்
காசை வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.
தட்டு மெல்லத் தாழ்ந்தது.
அரக்கில் ஒரு கீறல்.

முதலாளி என்னைப் பார்த்தார்,
நான் கூரையைப் பார்த்தேன்.
பற்றேடு அரசாங்கத்திடம், எங்கே வரவு வைப்பது?
பினாங்கு அடித்த தாள் ஒன்றை எடுத்து
அந்தக் கறுப்புக் கோட்டின் கீழே எழுதினேன்:
சடைச்சி. ரெண்டே முக்கால்.
நிலுவை அரை ரூபா.