இறாத்தல் கணக்கு

லித்துவேனியாவில் வாங்கிய உரிமம்
பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.
அப்புத்தளையின் ஈரம் அதற்குள்ளும் போய்
ஓரம் சற்று நெளிந்துவிட்டது.
பதின்மூன்று பாடம் எழுதி வாங்கியது.
அமெரிக்காக்காரர்கள் பார்த்து நல்லது என்கிறார்கள்.
நல்லது, ஆனால் இருநூற்றைம்பது மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும்.
என்னிடம் இருநூற்றாறு.

அம்மாவிடம் சொன்னேன்.
கொழுந்துச் சாக்கை உதறிக்கொண்டே கேட்டாள்:
"அங்கயும் ஈரத்துக்குக் கழிக்கிறாங்களா?"

கழிவு இல்லை அம்மா,
அவர்கள் அளவு வேறு.
மூன்று மாதமாக அதைத்தான் படிக்கிறேன்,
அளவு வேறு என்பதை.

அமுக்கத்தை ஹெக்டோபாஸ்கலில் பழகியவள் நான்.
ஆயிரத்துப் பதின்மூன்று என்றால் தூக்கத்திலும் கை குமிழைத் தேடும்.
அங்கே இரச அங்குலம்:
இருபத்தொன்பது தசம் ஒன்பது இரண்டு.
அதே காற்றுதான்.
பார்வைத் தூரம் மீற்றரில் இல்லை, மைலில்.
எரிபொருளின் பாரம் கிலோவில் இல்லை,
இறாத்தலில்.

இறாத்தல்!
அந்தப் பக்கத்தைப் புரட்டிய இரவு சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
இந்த நாட்டில் இறாத்தல் மிச்சமிருப்பது பாணில் மட்டும்தான்,
அதுவும் மஹ்ரூப் நானாவின் கடையில் எப்போதும் சற்று இலேசு.
ஒரு கலன் பெற்றோல் ஆறு இறாத்தல் என்று மனனம் செய்தபோது
மேசையில் ஆறு பாண் வரிசையாக வந்து நின்றது.

பிறகு சோம்பேறி எட்டு.
அதுதான் பெயர், நான் வைத்ததில்லை.
ஐரோப்பாவில் யாரும் கேட்காத வித்தை.
மூக்கை ஏற்றி, சாய்த்து,
வேகம் குறையக் குறையத் திரும்பி,
விழுவதுபோல் இறங்கி, மறுபக்கமும் அதையே.
விமானம் இல்லாதவள் எங்கே பழகுவது?
தம்பி குகராஜின் முச்சக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து
பண்டாரவளை வீதியின் வளைவுகளில்
வலது கையை வெளியே நீட்டிப் போட்டுப் பார்க்கிறேன்.
"அக்கா, சிக்னல் போடுறியா?
பின்னால பஸ்காரன் கொழம்பிட்டான்."

தரையில் இரண்டு புள்ளி வைத்துச் சுற்றுவதும் உண்டு.
என்னுடையவை தொழிற்சாலைப் புகைபோக்கி, தொலைபேசிக் கோபுரம்.
நூறு நொட் வேகத்தை அதாலேயே பெருக்கிப்
பதினொன்று தசம் மூன்றால் வகுத்தால்
எண்ணூற்று எண்பத்தைந்து அடி.
அந்த உயரத்தில் இறக்கை நுனி
புள்ளியிலேயே குத்தி நிற்குமாம்.
என் புள்ளிகள் பகல் பன்னிரண்டுக்கே முகிலுக்குள் போய்விடுகின்றன.

கடிதம் ஒன்று போக வேண்டியிருந்தது,
வில்னியஸிலிருந்து ஒக்லஹோமாவுக்கு,
இவள் உண்மையிலேயே ஓட்டுகிறவள்தான் என்று.
முதல் தடவை திரும்பிவிட்டது.
கடவுச்சீட்டில் அப்பா முத்துக்கறுப்பன்.
உரிமத்தில் அவருக்கு ஓர் எழுத்துக் குறைவு.
தோட்டத்து ரெஜிஸ்தார் சிங்களத்தில் எழுதிய
பிறப்பு அத்தாட்சியில் அவர் வேறு யாரோ.
மூன்று பேராக நின்றுகொண்டு
ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்து வெட்டுகிறார்,
எந்த நாட்டுக் கந்தோரைத் தாமதப்படுத்துகிறோம் என்று தெரியாமல்.
சமாதான நீதவான் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
மூவரையும் ஒருவராக்கினார்.

நேற்றுப் பதில் வந்தது. சரியாம்.
இனி மிச்சம் நாற்பத்து நான்கு மணித்தியாலம்.
அதை நூற்றறுபது டொலரால் பெருக்கினேன்.
ரூபாயாக்கவில்லை.
ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் போதும்.

பாண் வாங்கப் போனேன்.
கடைக்கு நானூறு மீற்றர்,
கால் மைல் என்றும் சொல்லலாம்.
எந்த அளவில் பார்த்தாலும் விளக்குத் தெரியவில்லை.
கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன்.
பனிக்குள்ளிருந்து நானாவின் குரல் மட்டும்:
"ஒண்டா, ரெண்டா?"