இருபது அடிக்கு ஒரு கோடு

நூலகத்தின் கழிவு விற்பனையில்
நான்கு டாலருக்கு வாங்கினேன் இந்த ஊரை.
முப்பத்தொன்றில் அளந்தது. துணியில் ஒட்டிய தாள்.
மடிப்பு விழுந்த இடத்தில்
இரண்டு பண்ணைகளும் ஒரு பாலமும் இற்றுப்போயிருந்தன.

வெர்மான்ட் மலைகள் அதில் பழுப்புக் கோடுகள்,
காய்ச்சிய பாலின் மேல் ஆடை சுருங்கியதுபோல்.
கோடுகள் நெருங்கினால் மூச்சு வாங்கும் என்று பொருள்,
விலகினால் உழலாம்.
வீடுகள் கறுப்புப் புள்ளிகள்.
எந்தப் புள்ளிக்குள் யார் இருமினார்கள், யார் கடனாளி
என்றெல்லாம் அளக்க வந்தவர் கேட்கவில்லை.
ஓரத்தில் அவர் பெயர் மட்டும்: ஈ. லிண்ட்குவிஸ்ட்.

சமையல் மேசையில் விரித்து
நான்கு மூலைக்கும் பாரம் வைத்தேன்:
புளி டப்பா, மாத்திரைப் புட்டி, கைபேசி,
வீட்டுக் கடன் கோப்பு.

மில் தெருவைத் தேடினேன். இல்லை.
தேவாலயச் சிலுவையிலிருந்து தெற்கே விரலை நகர்த்தினால்
எங்கள் வீடு இருக்கவேண்டிய இடத்தில்
நீலம்.
ஆறு இதுவரை வந்து,
இடுப்பில் கைவைத்து நிற்பவள்போல்
முழங்கை மடக்கித் திரும்பிப் போயிருக்கிறது.

"அதுவா? முப்பத்தெட்டில் நிமிர்த்திவிட்டார்கள்" என்றார்
பக்கத்து வீட்டு வெண்டெல்,
வாசலில் கடைசிப் பனியைத் தள்ளிக்கொண்டே,
ஏதோ வளைந்த ஆணியைப் பற்றிச் சொல்வதுபோல்.

மழையே இல்லாத ஏப்ரல் இரவுகளில்
நிலவறை மோட்டார் தானாக எழுந்து முனகுகிறதே, ஏன்?
அரிசி மூட்டையின் அடியில் மட்டும் ஏன் பூஞ்சை?
ஆயிரத்து எழுநூறு டாலர் வாங்கிக்கொண்டு
மூன்று பேர் சுவரில் விரிசல் தேடினார்கள்.
விரிசல் இல்லை. வழக்கம்.

"அதனிடம் வாடகை கேட்கலாமா?" என்கிறாள் தமயந்தி.
அது நம்மிடம் கேட்காதவரை சரி.

தபால் பெட்டியில் எங்கள் எண் 6.
குடிவந்த வாரம், அதன் கீழே
சின்னவள் சிவப்பு வண்ணத்தில் எழுதிவைத்தாள்:
ஆறு.
தபால்காரர் அதை ஏதோ பூச்சியின் படம் என்று நினைத்திருந்தார்.

நேற்றிரவு கீழே போய் விளக்கைப் போட்டேன்.
கணுக்கால் அளவு. தெளிவாக, சில்லென்று,
அவசரமே இல்லாமல்
சரியான முகவரிக்கு வந்து நின்றது.

அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிப்
பதினோரு படி ஏறினேன்.
லிண்ட்குவிஸ்டின் கணக்கில்
அது அரைக் கோட்டுக்கும் காணாது.