நாற்பத்தோராம் தூண்

முதல் வருடம்
ஒரு முழுக்குக்கு மூன்று பக்கம் எழுதினேன்.
நிறங்களுக்குச் சொல் போதாமல்
வண்ணப் பென்சில் வாங்கினேன்.
இலைபோல் மிதக்கும் கடல்நாகத்தைக் கண்ட அன்று
தண்ணீருக்குள்ளேயே கத்தினேன்.
முகமூடி முழுக்க உப்பு.

நான்காம் வருடப் பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான்:
எடித்பரோ. பத்து மீட்டர். ஐம்பது நிமிடம். வழக்கம்போல்.
அடுத்த வரியில் அதுகூட இல்லை,
மேற்படி.

அடிலெய்டிலிருந்து மூன்று மணி நேரம்.
கோதுமை, கோதுமை, ஓர் உப்பு ஏரி,
மறுபடி கோதுமை.
பின்னால் இரண்டு சிலிண்டர்கள்
வாய் ஓயாத ஓரகத்திகள் மாதிரி
வழியெல்லாம் முட்டிக்கொண்டு வரும்.

"அதே கடல்பாலத்துக்கா?" என்பார் அறவாழி,
செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல்.
இருபது வருடமாக அவர் நிரப்புவதும்
அதே கட்டங்கள்தான்.

ஸ்டவ்ரூலா எல்லாவற்றையும் விற்றுவிட்டாள்,
துடுப்புச் செருப்பைக்கூட.
சைக்கிள் வாங்கியிருக்கிறாள்.
மேடு ஏறி இறங்குவதில் என்ன புதுமை என்று
நான் கேட்கவில்லை.
கேட்டால் திருப்பிக் கேட்பாள்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும்.
எனக்கும் புளித்தது. சொல்ல வெட்கமில்லை.
ஒரு குளிர்காலம் முழுக்க
ரப்பர் உடை கொடியில் தொங்கி
போகிறவர் வருகிறவருக்கெல்லாம்
கை ஆட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி இறங்கியதற்குப் பெரிய காரணம் கிடையாது.
சிலிண்டரின் பரிசோதனைத் தேதி முடிய இருந்தது.
உள்ளே காற்று மிச்சம்.
வீணாக்க மனசு வரவில்லை.

அன்று கடல் கலங்கிய கஞ்சி.
நீட்டிய கையில் விரல் தெரியவில்லை.
எங்கேயும் போக வழியில்லாமல்
ஒரு தூணருகே முழங்காலிட்டேன்.
நாற்பத்தொன்று என்பது பிறகு எண்ணியது.
இருநூறு தடவையாவது
அதைக் கடந்து போயிருப்பேன்.

பாசி என்று நினைத்தது
மூச்சு விட்டது.

தூண்டில்மீன்.
உடம்பெல்லாம் பிய்ந்த நூல்,
ஓரமாய் ஒரு கண்,
வாலை வளைத்து
முட்டைத் திரளை அணைத்தபடி.
என்னைப் பார்த்ததா தெரியாது.
நகரவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் நகரவில்லை.
அதற்கடுத்த சனியும்.
ஐந்தாம் வாரம் முட்டைக்குள் கறுப்புப் புள்ளிகள்,
இரண்டிரண்டாக.
ஆறாம் வாரம் அந்தப் புள்ளிகள்
திரும்பிப் பார்த்தன.

புளித்த பாலைக் கொட்டாமல்
மூடிவைத்தால் என்ன ஆகும் என்று
அறவாழிக்குத் தெரியாது.
வீட்டில் உறை ஊற்றுவது நான்.

ஏழாம் வாரம் மெல்பர்னில் ஒரு கல்யாணம்.
பட்டுச்சேலை, நாதஸ்வரம், பந்தியில் இரண்டாவது பாயசம்.
மடியில் கைபேசியை ஒளித்து
எடித்பரோவின் நீர்வெப்பம் பார்த்தேன்.
பதினான்கு.
பக்கத்தில் இருந்தவள்
பங்குச்சந்தையா என்றாள்.

எட்டாம் வாரம்
தூணில் கிழிந்த தோல் மட்டும்,
அதைக் கொத்த இரண்டு சின்ன மீன்கள்.
அவள் எனக்காகக் காத்திருக்க
என்ன முறை?

அங்கேயே நின்றேன்.
பிரெண்டன் நீந்தி வந்து
உள்ளங்கையைத் திருப்பினான், என்ன?
உள்ளூரில் பார்லி விதைக்கிறவன்,
அவசரப்படாத ஆள்.
சுறாவுக்குக் கைச்சாடை உண்டு, ஆக்டோபஸுக்கு உண்டு,
காற்று தீர்ந்ததற்கு உண்டு.
"இங்கே ஒருத்தி இருந்தாள்" என்பதற்கு
எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.
தூணைக் காட்டினேன்.
தலையாட்டிவிட்டு அவனும் பார்க்க ஆரம்பித்தான்.

அவை நீந்துவதில்லையாம்.
பிறந்த உடனே நடக்குமாம்,
நகக்கண் அளவு உடம்பு,
மயிரிழையில் ஒரு தூண்டில்.
அப்படியானால் தூரம் போயிருக்காது.

வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து
ஈரக்கையோடு எழுதினேன்:

தூண் நாற்பத்தொன்று. மேலிருந்து கீழ்வரை. இல்லை.
மஞ்சள் கடற்பஞ்சு, கிழக்குப் பக்கம், ஐந்து விரல் அகலம்.
அதன் அடியில் ஒன்று நகர்ந்தது, இறால்.
தூண் நாற்பது. பாதிதான் ஆனது.
காற்று போதவில்லை.