எரிந்தால் இல்லை

எரிந்தால் அணைந்திருக்கிறது என்று அர்த்தம்.
எந்த மகராசன் யோசித்தானோ இப்படி.

கியர்த் தண்டின் நுனியில்
சுண்டுவிரல் நகமளவு பொத்தான்.
அழுத்தினால் ஓவர்டிரைவ் போய்விடும்.
போய்விட்டது என்று சொல்வதற்கு
டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு வந்துவிடும்.
மூன்று வருடம் நான் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு
மேடெல்லாம் விளக்கில்லாமல் ஏறினேன்.
முதல் கியர்பெட்டி அப்படித்தான் போயிற்று.
எண்ணெயைத் தொட்டு முகர்ந்த ஹார்லன்
"கருகின டோஸ்ட், ஆர்டித்" என்றான்.
இரண்டாயிரத்து நூறு டாலர்.
அந்த வருடத்துத் தேன் மொத்தமும்.

இப்போது இரவு இரண்டே கால்.
மொன்டானா முடிகிற இடத்துக் கணவாய், ஏற்றம்.
பின்னால் டிரெய்லரில் இருபத்தெட்டுப் பெட்டி,
வலைக்கடியில் பத்து லட்சம் பேர்,
ஒருத்திக்கும் எங்கே போகிறோம் என்று தெரியாது.
பக்கத்தில் வென்டல்
தொப்பியை மூக்குவரை இறக்கித் தூங்குகிறான்,
அல்லது தூங்குகிறவன் மாதிரி இருக்கிறான்.
வீட்டை விற்பதா வேண்டாமா என்ற பேச்சு
டார்பி தாண்டியதும் பாதியில் நின்றது.

நான்கில் வண்டிக்கு மூச்சு வாங்குகிறது.
மூன்றுக்கு இறங்குகிறது.
ஒரு வளைவு கொஞ்சம் சமமாகத் தெரிந்தால் போதும்,
சபலம், மறுபடி நான்கு.
மூன்று. நான்கு. மூன்று.
முடிவெடுக்கத் தெரியாத ஆளோடு
துணிக்கடைக்குப் போனது போல.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குலுக்கல்.
ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னாலிருந்து
ஒரு சீறல் எழுந்து தாழ்கிறது.
கண்ணாடியை ஒரு விரல் இறக்கினேன்:
பைன், ஈர மண்,
பிறகு, சந்தேகமேயில்லாமல், வாழைப்பழம்.
தேனீக்குக் கோபம் வந்தால் அந்த வாசனைதான்.

அழுத்தினேன்.

விளக்கு வந்தது. இன்ஜின் குரல் ஏறி
ஏறின இடத்திலேயே நின்றது.
மூன்று. மூன்று. மூன்று.
முள் ஆணியடித்தது போல அசையவில்லை.
பெட்ரோல் கொட்டுகிறது, கொட்டட்டும்.
சற்று நேரத்தில் பின்னாலும் அடங்கிற்று.
இல்லை, அவர்கள் சுருதியும் இன்ஜின் சுருதியும் ஒன்றாகி
எது எதுவென்று எனக்குப் பிரியாமல் போயிற்று.

உச்சியில், மே மாதத்திலும்,
சாலையோரம் அழுக்குப் பனி.
கண் திறக்காமலே வென்டல் சொன்னான்:
"இனி எடுத்துவிடு. இறக்கம்தானே."
இறக்கம் இலவசம் என்று நம்புகிறவன் அவன்.
"இறங்கத்தான் இது வேண்டும்" என்றேன்.
பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.
இருபத்தெட்டுப் பெட்டியும் என் முதுகில் சாய்ந்தன.
தன் காலரைத் தானே பிடித்துக்கொண்டு
வண்டி இடாஹோவுக்குள் இறங்கியது.

வெகுநேரம் கழித்து,
"வீட்டைச் சொல்கிறாயா?" என்றான்.
வண்டியைத்தான் சொன்னேன்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

சால்மன் ஊர் பெட்ரோல் பங்க், நான்கு மணி.
கிழக்கு வெளுக்கவில்லை. வெளுத்தால்
வலையில் ஓட்டை எங்கே என்று
அவர்களுக்குத் தெரிந்துவிடும்.
அணைத்தேன், நிரப்பினேன், சாவியைத் திருப்பினேன்.
விளக்கு இல்லை.
இந்த வண்டியின் குணம் அது.
ஒவ்வொரு முறை அணைத்ததும் எல்லாம் மறந்துவிடும்,
கணவாய் என்று ஒன்று இருந்ததே தெரியாத மாதிரி
நான்குக்கு ஆசைப்படும்.

வென்டல் இரண்டு காபியோடு வந்து ஏறினான்.
ஒன்றை என்னிடம் நீட்டினான்.
நான் வாங்கிக்கொண்டிருக்கும்போதே, குனிந்து,
தண்டின் நுனியை அவனே அழுத்தினான்.
மஞ்சள்.

இனி நாற்பது மைல் சமதரை.
அது வேண்டியதே இல்லை.
ஐந்து மைல் போகட்டும் என்று
பேசாமல் ஓட்டினேன்.