நுழைவுக் கட்டணம்

மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனோம்.
பழைய புகைக்கொட்டகைக்கு வெள்ளையடித்து
ரப்பர் ஷீட்டு காய்ந்த கம்புகளில்
விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள்.
'கம்யூனிஸ்ட் காலத்தில் ஒரு நாள்.
தொடலாம், அழுத்தலாம், வாழ்ந்து பார்க்கலாம்.'
மலேசியருக்கு நான்கு ரிங்கிட்.
வெளிநாட்டவருக்கு இருபது.

ஐ.சி. கேட்டாள் முகப்பிலிருந்த பெண்.
நான் நீட்டினேன்.
தவசீலன் சட்டைப்பையைத் தட்டினான்,
பிறகு பின்பையை,
மறந்து வைத்துவிட்டு வந்தவனைப் போல.
பல வருடமாகப் பழகிய நடிப்பு.
இதே கொட்டகைக்குப் பின்னால்
மூன்றாவது லயத்தில் பிறந்தவன் என் தம்பி.
இருபத்து நான்கு ரிங்கிட் கொடுத்தேன்.
"நம்ம மீகோரெங் போச்சுக்கா" என்றான்.

உள்ளே எப்போதும் விடியற்காலை நாலரை.
ஒலிபெருக்கியில் பெரட்டு மணி.
மேசைமேல் சார்டின் டின், ஆணி, சுத்தியல்:
'விற்கும்போதே ஓட்டை போடுவார்கள்,
காட்டுக்குள் போய்ச் சேராதபடி.'
ஒரு சீனப் பையன் ஓங்கி ஓங்கி அடித்தான்.
டின் ரப்பர்.
ஆணியை எடுத்ததும் ஓட்டை தானே மூடிக்கொண்டது.

பங்கீட்டுத் தராசில் கை நிறைய அரிசி அள்ளி வைத்தேன்.
அளவு மீறியதும் சைரன் அலறியது.
எல்லாரும் திரும்பிச் சிரித்தார்கள், நானும்தான்.
அள்ளியதையெல்லாம் கொட்டிவிட்டு
விரலிடுக்கில் ஒட்டிய ஒரு மணியைக்கூட
சேலையில் துடைத்தேன், எதற்கென்று தெரியவில்லை.

தோட்டத்து வாசலில்
சோதனைக்கு நிற்கும் அட்டைப் பெண்கள்.
முகம் இருந்த இடத்தில் வட்ட ஓட்டை,
தலையை நுழைத்துப் படம் எடுத்துக்கொள்ள.
அதைத் தாண்டி வேகமாக நடந்தேன்.

கடைசி அறையில் அந்த இயந்திரம்.
கண்ணாடித் திரை அவன் பெயரைக் கேட்டது.
தொழில்: பால்மரம் வெட்டுபவர், கிராணி, லோரி ஓட்டுநர்.
வெல்டருக்கு இடமில்லாததால் லோரியைத் தொட்டான்.
கட்டைவிரலை வைக்கச் சொன்னது.
பெற்றோரின் திருமணப் பதிவு எங்கே என்று அது கேட்கவில்லை.
மருத்துவச்சியின் கையெழுத்தைக் கேட்கவில்லை.
அடுத்த மாதம் வா என்று சொல்லவில்லை.
நாற்பது விநாடியில்
சூடாக வெளியே வந்தது அடையாள அட்டை,
அவன் முகத்தோடு, 1948 என்று போட்டு.

பதிவிலாகாவில் பதினோரு வருடம்.
மூன்று கடிதங்களிலும் ஒரே வரி: நிராகரிக்கப்பட்டது.

சுவரில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தான்:
'பன்னிரண்டு வயதான எல்லாருக்கும்
கட்டாயமாக வழங்கப்பட்டது.'
கட்டாயமாக, என்று இன்னொரு தரம் படித்தான்.

வெளியேறும் வழியில் முள்கம்பிக் கேட்டு.
பிளாஸ்டிக் சிப்பாய் மலாயில் அதட்டினான், கார்டு எங்கே என்று.
தவசீலன் அட்டையை வைத்தான்.
பச்சை விளக்கு.
கேட்டு திறந்தது.

போனவன் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தான்.
மறுபடி அட்டையை வைத்தான். பச்சை.
மறுபடி வந்தான்.
பின்னால் நின்ற சீனப் பையன்
தன் முறைக்காகக் காத்துக் காலை மாற்றி நின்றான்.
"போதும்டா" என்றேன்.
"இன்னொரு தடவைக்கா.
இருபது ரிங்கிட் கொடுத்திருக்கோம்ல."

மழை விட்டிருந்தது.
அட்டையை நினைவாக வைத்துக்கொள்ளலாம் என்றாள் அந்தப் பெண்.
பர்ஸில் காலியாகவே கிடந்த அறையில்
அது கச்சிதமாகப் பொருந்தியது.

பெரிய சாலையில் ரோட்பிளாக் என்று
டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.
அவன் மோட்டாரைத் திருப்பினான்.
செம்பனைக்குள் ஆறு கிலோமீட்டர் சுற்று,
சேறு, லோரித் தடங்கள்.
முழுத்தூரமும் ஒரு கையால் ஓட்டினான்,
இன்னொரு கை பின்பையில்.