கொருக்குப்பேட்டை கேட்

கேட் மூடிவிட்டார்கள்.
முன்னால் தண்ணி லாரி,
பின்னால் மீன் ஏற்றிய குட்டியானை,
நடுவில் ஸ்கூட்டியில் நான்,
ஏழே முக்கால் ஷிஃப்டுக்கு.

முதலில் உள்ளங்கை ஈரமாகும்.
அப்புறம் உதட்டைச் சுற்றி மரத்துப் போகும்,
பல் பிடுங்க ஊசி போட்ட மாதிரி.
வரிசை எனக்கு மனப்பாடம்.
தெரிந்து என்ன?
தெரிந்த திருடன் என்பதற்காக
கதவு தானாகத் தாழிட்டுக்கொள்ளுமா?

இந்தத் தடவை நிஜம்.
நிஜமென்றால் ஸ்டான்லிக்குப் போக வேண்டும்,
ஸ்டான்லி பின்னால்,
பின்னால் மீன் வண்டி, திரும்ப இடம் விட மாட்டான்,
விழுந்தால் ஹெல்மெட்டை யார் கழற்றுவது,
உள்ளே நேற்றைய எண்ணெய்த் தலை,
ஜொவிட்டாவுக்கு ரெண்டாம் டெர்ம் பாக்கி,
என் போனைத் திறக்க அவளுக்குத் தெரியும்
அவள் அப்பாவுக்குத் தெரியாது,
தெரியாமலே இருக்கட்டும்,
ஐயோ, கேஸ் அடுப்பு.

கைப்பையில் நான்காக மடித்த ஈசிஜி.
நார்மல் என்று நீல மையில் எழுதித் தந்தார்கள்.
மார்ச் மாதத்துத் தாள்.
இப்போது ஆகஸ்ட்.
மடித்து மடித்து
இரண்டு துடிப்புக்கு நடுவே
ஓட்டை விழுந்துவிட்டது.

"எஞ்சினை ஆஃப் பண்ணும்மா.
கூட்ஸு. நீளமாத்தான் வரும்."
லாரி கிளீனர், பீடியைப் பற்றவைத்தபடி.
சாவியைத் திருப்பினேன்.
எஞ்சின் நின்றது.
நெஞ்சுக்குச் சாவி இல்லை.

மூச்சை இழுத்து நாலு எண்ணுங்க
என்பாள் கவுன்சலிங் மேடம்.
மணலிப் பக்கத்துக் காற்றை
நாலு எண்ணும்வரை உள்ளே வைத்திருக்க
அவள் ஒருநாளும் முயன்றிருக்க மாட்டாள்.

கூட்ஸ் வந்தது. நிலக்கரி.
கன்டெய்னர் யார்டில் நான் டேலி கிளார்க்,
பதினோரு வருஷத்தில்
ஒரு பெட்டி தப்பியதில்லை.
பேனாவை எடுத்து உள்ளங்கையில் கோடு போட்டேன்.
ஈரத்தில் மை பிடிக்கவில்லை.
புறங்கையில் போட்டேன்.
நின்ற கோடு நாலு, குறுக்கே ஒன்று.
ஐந்து.
விழுந்துவிடுவேன்.
பத்து.
இல்லை, இப்போதுதான் விழப்போகிறேன்.
பதினைந்து.
ஒரு வேகனின் பக்கவாட்டில்
சாக்பீஸால் பெரிதாக எழுதியிருந்தது: சிக்.
அதுவும் மற்றவற்றோடு
தடதடவென்று போய்க்கொண்டிருந்தது.
இருபது.
கழுத்தில் வியர்வை ஆறியது,
அல்லது காற்று அடித்தது.

நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா,
விட்டுவிட்டேன்.
கையெழுத்துக்கு யாரும் சீட்டு நீட்டவில்லை.
கடைசிப் பெட்டியில் கார்டு
டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே போனார்.

கேட் ஏறியது.
"போம்மா, தூங்கறியா?" என்றது மீன் வண்டி.
கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.
நடுங்கும் காலாலேயே கிக்கரை உதைத்தேன்,
மூன்றாவது உதையில் எடுத்தது.

யார்டில் டீ கிளாஸை நீட்டும்போது
குமுதவல்லி என் கையைப் பார்த்தாள்.
"இன்னாக்கா, கை பூரா கணக்கு?
யாரு பாக்கி?"
"ரயில்வேகாரன்" என்றேன்.
அவள் சிரித்தாள்.
நானும்,
கொஞ்சம் லேட்டாக.