சாம்பலுக்கு எத்தனை மைக்ரான்

மண்ணடியில் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டோம்
நானும் எஸ்தரும்.
நாலாவது கடைக்காரர் கேட்டார்:
"எதம்மா தடுக்கணும், வெயிலா, மழையா?"
சாம்பல், என்றேன்.
கால்குலேட்டரைக் கீழே வைத்தார்.

போன வருஷத்து அரைக்கீரையை
ஏழு தண்ணீரில் அலசினேன்.
எட்டாவது வாயிலும் பல்லில் நறநற.
எர்ணாவூரில் புகைபோக்கி தெரியாத ஜன்னல்
எங்கள் பிளாக்கில் ஒன்றுதான், அது குளியலறை.

பச்சை வலையை விரித்துக் காட்டினார்.
ஐம்பது, எழுபத்தைந்து,
நிழலைக்கூடச் சதவீதத்தில் விற்கிறார்கள்.
கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து
எஸ்தர் மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.
வலை பின்னி வளர்ந்தவள்,
எந்தக் கண்ணில் எது புகும் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு பாலித்தீன் சுருள்.
இருநூறு மைக்ரான், வெயில் தாங்கும், மூணு வருஷம் வரும்.
"எந்த ஏரியா?"
சொன்னோம்.
"ரெண்டு வருஷம்."

குழாயில்தான் சண்டை வந்தது.
ஜி.ஐ.தான் கெட்டி என்றார் அவர்.
எங்கள் கேட் கீல் உப்பில் பூத்து
நாலே வருஷத்தில் கையோடு வந்த கதையைச் சொன்னேன்.
முக்கால் இன்ச் பி.வி.சி., பத்தடி நீளம், பதினாறு.
ஷேர் ஆட்டோ பார்த்ததும் பறந்தது.
மீன்பாடி வண்டி தணிகாசலம்
அறுநூறுக்கு ஒத்துக்கொண்டு
ராயபுரம் தாண்டியதும் எழுநூறு என்றார்.

மாடித் தளத்தில் ஓட்டை போடக்கூடாது,
கீழே ஒழுகும், எழுதிக் கொடுங்க என்றார்
அசோசியேஷன் கஜபதி.
எழுதிக் கொடுத்தோம்.
பெயின்ட் வாளி பதினாலு வாங்கி
கான்கிரீட் ஊற்றி, நடுவில் ஒரு முழக் கம்பி.
அதில் சொருகி வளைத்தால் ஏழு வளைவு.
வளைப்பவள் விட்டால் பிடிப்பவளுக்கு அடி.
முதல் வளைவு என் தாடையில் விழுந்தது.
எஸ்தர் சிரித்த சிரிப்பில்
இரண்டாவது அவள் முழங்கையில்.
முதுகுக்கு ஒரு நீளக் குழாய்,
காசிமேட்டு நைலான் கயிறு,
அவள் போடும் முடிச்சு எனக்கு அவிழ்க்கத் தெரியாது.

கடல்காற்று பதினொரு மணிக்குத்தான் வரும் என்று
ஐந்து மணிக்கே சுருளைப் பிரித்தோம்.
அன்று எட்டரைக்கே வந்துவிட்டது.
பாதி போர்த்திய படலம் வயிறு உப்பி எழுந்தது.
நான் ஒரு ஓரம், அவள் ஒரு ஓரம்,
இருவரின் செருப்பும் தரையில் இல்லை.
தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்த கஜபதி
ஒன்றும் பேசாமல்
வடக்கு ஓரத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.
கடைசி முடிச்சு விழும்வரை எழவில்லை.
செய்தித்தாள் கேட்டார். கொடுத்தோம்.

நண்பகலில் உள்ளே போனால் இட்லிப் பானை.
வெண்டை விதை வேகும் போலிருந்தது.
ஆகவே இரண்டு பக்கமும் சுருட்டுகிற மாதிரி
மறுபடி அவிழ்த்தோம், மறுபடி கட்டினோம்.
வடக்குக் காற்று என்றால் இறக்கு.
கடல்காற்று என்றால் சுருட்டு.
நடுராத்திரி காற்று மாறினால்
யாருக்கு முதலில் விழிப்பு வருகிறதோ அவர்கள் ஏறணும்.
பெரும்பாலும் நான்.
சில நாள் போகும்போது
கஜபதி ஏற்கெனவே இறக்கிவிட்டிருப்பார்,
காலையில் கேட்டால் இல்லை என்பார்.

இருபத்தோராம் நாள் முதல் கீரை.
மூன்று பங்கு.
இரண்டு தண்ணீரே போதுமாக இருந்தது,
பழக்கத்தில் நாலு அலசினேன்.

படலத்தின் மேல் சாம்பல் படிந்துகொண்டேதான் இருக்கிறது.
வாரம் ஒரு தரம் துடைக்கணும்,
போன வாரம் துடைக்கவில்லை.
எஸ்தர் அதில் விரலால்
பால் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள்,
வெளியிலிருந்து.
உள்ளே குந்தித் தண்ணீர் விடும்போது
எண்கள் எனக்கு இடவலம் மாறித் தெரிகின்றன.
அந்தக் கோடுகள் வழியாக மட்டும்
வெயில் சுத்தமாக இறங்கி
ஒரு ஏழு, ஒரு மூன்று,
ஒரு அரை லிட்டர்
கீரை மேல் மெல்ல நகர்கிறது.